கிராமப்புறத்தில் முதல் வீடு வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகரத்தில் வீடு வாங்குகிறவர் பெரும்பாலும் நான்கு சுவர்களையும் ஒரு கூரையையும்தான் வாங்குகிறார். தண்ணீர் குழாயில் வந்துவிடும். கழிவுநீர் எங்கோ போய்விடும். தெருவில் பள்ளம் விழுந்தால் யாரோ வந்து அடைப்பார்கள். கிராமப்புறத்தில் இந்த வேலைகளெல்லாம் வீட்டோடு சேர்ந்து உங்கள் கைக்கு வருகின்றன. முதல் முறையாக வாங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நானும் அப்படித் தடுமாறியவன். அதன்பிறகு நண்பர்களோடும் உறவினர்களோடும் பல வீடுகளைப் பார்க்கப் போயிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டமும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் பகுதி வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீர், மண், மழை, மரம் ஆகியவற்றின் குணம் எங்கே போனாலும் அதிகம் மாறாது என்பதால், அவற்றைப் பற்றியே இங்கே கூடுதலாகப் பேசுகிறேன்.

வீடு பார்த்ததும் பிடித்துவிட்டது. முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

தண்ணீர், கழிவுநீர், பாதை. இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு வீட்டுக்குள் போங்கள். சமையலறை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், சுவருக்கு வேறு வண்ணம் அடிக்கலாம், கூரையைக்கூடப் பிரித்துப் போடலாம். நிலத்தடியில் நீர் இல்லாத இடத்தையோ, கழிவுநீரை உறிஞ்சாத மண்ணையோ, சட்டப்படி வழி இல்லாத மனையையோ பணம் கொடுத்துச் சரிசெய்வது மிகவும் கடினம். சில நேரம் முடியவே முடியாது.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, பாதை சேறாகிறதா, எந்தச் சுவர் நனைந்திருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். இரவில் ஒரு முறை போய் வெளிச்சம், சத்தம், செல்போன் சிக்னல் மூன்றையும் கவனியுங்கள். வேலை நாள் காலையில் ஒரு முறை போய், அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ அங்கிருந்து உண்மையாகவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று வண்டி ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதிய வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

கிணற்றிலோ போர்வெல்லிலோ தண்ணீர் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விற்பவர் மோட்டாரைப் போட்டுக் காட்டுவார். தண்ணீர் பாய்ந்து வரும். ஆனால் அது குழாய்க்குள்ளும் கிணற்றுக்குள்ளும் ஏற்கெனவே சேர்ந்திருந்த நீர். நிலத்திலிருந்து மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அதற்கு மோட்டாரைச் சில மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். கிணறு தோண்டுபவர்களும் பம்ப் வேலை பார்ப்பவர்களும் இந்தச் சோதனையைச் செய்து தருவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஊறும் கிணறு என்றால் கேட்கக் குறைவாகத் தோன்றும். ஒரு ஷவரைத் திறந்தாலே நிமிடத்துக்கு 8, 10 லிட்டர் போய்விடும். ஆனால் அந்த 5 லிட்டர் ஒரு நாள் முழுக்க ஊறினால் 7,200 லிட்டர். நான்கு பேர் ஆளுக்கு 150 லிட்டர் செலவழித்தாலும் நாளுக்கு 600 லிட்டர்தான் வேண்டும். ஆக, பெரிய தொட்டி ஒன்று இருந்தால் மெதுவாக ஊறும் கிணறும் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். தோட்டம் போட வேண்டும், மாடு வளர்க்க வேண்டும் என்றால் கணக்கு வேறு.

சோதனையைக் கோடையின் கடைசியில் செய்ய முடிந்தால் மிக நல்லது. அது முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் நான்கைந்து வீடுகளில் கேளுங்கள்: எந்த மாதத்தில் கிணறு வற்றும், கடைசியாக எப்போது ஆழப்படுத்தினார்கள், எவ்வளவு ஆழத்தில் நீர் கிடைத்தது? ஒரு வீட்டுக் கிணறு மட்டும் வற்றியிருந்தால் அது அந்தக் கிணற்றின் குறையாக இருக்கலாம். எல்லாக் கிணறும் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே போனால் அந்தப் பகுதியின் நிலத்தடி நீரே இறங்குகிறது என்று அர்த்தம். அதற்கு எந்த மோட்டாரும் தீர்வு ஆகாது.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ருசியும் நன்றாக இருக்கிறது. பரிசோதனை தேவையா?

கட்டாயம் தேவை. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாதவைதான் கிணற்று நீரில் அதிகம் தீங்கு செய்பவை. ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஃப்ளோரைடுக்கு 1.5 மில்லிகிராம். நைட்ரேட்டுக்கு 50 மில்லிகிராம்.

நைட்ரேட் பற்றிக் கைக்குழந்தை உள்ள வீட்டார் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். வயலுக்குப் போடும் உரம், தொழுவம், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து அது நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமிகள்தான் சாகும். நீர் ஆவியாகக் குறைவதால் நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும்.

எனவே கிருமி, நைட்ரேட், ஆர்சனிக், ஃப்ளோரைடு, உப்பு, இரும்பு, கடினத்தன்மை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். மாதிரியை நீங்களே எடுங்கள், அல்லது ஆய்வகத்து ஆளை வரச்சொல்லுங்கள். விற்பவர் எடுத்துக் கொடுத்த பாட்டிலை நம்பி வீடு வாங்கக் கூடாது. அவர் ஏமாற்றுகிறார் என்பதற்காகச் சொல்லவில்லை. பாட்டிலைச் சுத்தம் செய்யாமல் எடுத்தாலே கிருமிச் சோதனை தவறாகிவிடும். குடியேறியபின் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் சோதனை செய்துகொள்ளுங்கள். வெள்ளம் வந்து வடிந்தபின் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

செப்டிக் டேங்க் இருக்கிறது என்கிறார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வீட்டிலிருந்து வரும் கழிவில் கனமானது தொட்டியின் அடியில் படிகிறது, எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கின்றன. நடுவில் நிற்கும் நீர் மட்டும் வெளியேறி, நிலத்துக்குள் பதித்த ஓட்டைக் குழாய்கள் வழியாகவோ உறிஞ்சுகுழி வழியாகவோ மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைச் சுத்தம் செய்கின்றன. ஆக, தொட்டியைவிட முக்கியமானது அந்த மண். தொட்டியை 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை காலி செய்யாவிட்டால் அடிமண்டி நிரம்பி, வெளியேறும் நீரோடு சேர்ந்து போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். தொட்டியைக் காலி செய்வது சில மணி நேர வேலை. அடைபட்ட மண்ணுக்குப் பதில் வேறு இடம் தேடிப் புதிதாக அமைப்பது பெரும் செலவு. மனை சிறியதாக இருந்தால் அப்படி வேறு இடமே இருக்காது.

கேட்க வேண்டியவை: தொட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது காலி செய்தார்கள், ரசீது இருக்கிறதா? தொட்டி எங்கே என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் அது பல ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து ஒரு நிபுணர் பார்க்க வேண்டும்.

நீங்களே கவனிக்கக்கூடிய அறிகுறிகளும் உண்டு. சுற்றியுள்ள புல் காய்ந்திருக்கும்போது ஒரு திட்டு மட்டும் பச்சைப்பசேல் என்று இருப்பது, அங்கே கால் வைத்தால் சொதசொதப்பது, கழிப்பறைத் தண்ணீரை ஊற்றும்போது வேறொரு குழாயில் குபுகுபு என்று சத்தம் வருவது, மாலையில் லேசான வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம்: ஆள் இல்லாமல் ஓராண்டு பூட்டிக்கிடந்த வீட்டில் செப்டிக் டேங்க் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். மண் காய்ந்து ஓய்வெடுத்திருக்கும். ஐந்து பேர் குடிவந்து தினமும் துணி துவைத்துக் குளிக்க ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில்தான் உண்மை வெளிவரும். நான் வாங்கிய வீட்டில் இதுதான் நடந்தது. இன்றைக்கு நான் யாரோடு வீடு பார்க்கப் போனாலும் முதலில் அந்த மூடியைத் தேடுவதற்கு அதுதான் காரணம்.

கிணற்றுக்கும் கழிவுநீர் இறங்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தையும் அளந்துவிடுங்கள். பல நாட்டு விதிகள் தொட்டியிலிருந்து குறைந்தது 15 மீட்டர், உறிஞ்சும் இடத்திலிருந்து 30 மீட்டர் என்ற அளவை ஒட்டி இருக்கின்றன. நிலத்தின் சரிவில் கிணறு மேலேயும் கழிவுநீர் கீழேயும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

வீட்டுக்குப் போகும் மண்பாதை பக்கத்து நிலத்தின் வழியாகப் போகிறது. "எல்லோரும் இதில்தான் போகிறார்கள், பிரச்சினை இல்லை" என்கிறார்கள். நம்பலாமா?

சொல்பவரை நம்பலாம். அவருக்குப் பின் அந்த நிலத்துக்கு வரப்போகிறவரை இன்று யாருக்கும் தெரியாது. வாய்வார்த்தையாகக் கிடைத்த வழி, நிலம் கைமாறியதும் நின்றுபோகலாம். பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டுப் பதிவாகியிருக்க வேண்டும். அதில் அகலம், நடக்க மட்டுமா வண்டி போகவுமா, லாரி போகலாமா, குழாயும் மின்கம்பியும் அதே வழியில் கொண்டுபோகலாமா, பழுதுபார்ப்பது யார் செலவு என்பதெல்லாம் தெளிவாக இருந்தால்தான் அது உரிமை.

பாதை யாருடையது என்பதோடு, எது வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். கார் போய்விடும். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், செப்டிக் டேங்க் லாரி, செங்கல் லாரி போகுமா? வழியில் சிறு பாலம் இருந்தால் எத்தனை டன் தாங்கும்? கனமான வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா?

இதன் மறுபக்கமும் உண்டு. உங்கள் நிலத்தின் வழியாக வேறு யாருக்காவது உரிமை இருக்கலாம்: நடைபாதை, வாய்க்கால், உயரழுத்த மின்கம்பி, குழாய். மின்கம்பிக்குக் கீழே வீட்டை நீட்டிக் கட்ட முடியாது, குழாய் போகும் இடத்தில் மரம் வைக்க முடியாது. சில நாடுகளில் நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமத்தின் உரிமை மேலே இருக்கும் நிலத்திலிருந்து தனியாகப் பிரித்து விற்கப்பட்டிருக்கும். வில்லங்கம் பார்க்கும் வழக்கறிஞரிடம் இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "பத்திரம் சுத்தமாக இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால், பொதுவான பதில்தான் கிடைக்கும்.

வேலி போட்டிருக்கிறார்கள். அதுதானே எல்லை?

இல்லை. வேலி மாடு போகாமல் இருக்கப் போட்டது. போட்டவர் கல் பாறையைச் சுற்றியும் மரத்தைச் சுற்றியும் வசதிக்கு வளைத்திருப்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன் நில அளவையரைக் கூட்டிவந்து அளந்து, மூலைக் கற்களை நேரில் பார்த்துவிடுங்கள். கிணறு, தொட்டி, வீட்டுத் தாழ்வாரம், பாதை நான்கும் உங்கள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். நீண்ட காலம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்த நிலத்தில் அனுபவித்தவருக்கே உரிமை பிறக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. எனவே பக்கத்து நிலத்துக்காரர் பத்தடி உள்ளே வந்து இருபது ஆண்டுகளாகப் பயிர் செய்கிறார் என்றால், அதை வாங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய வீடு. சுவரில் ஓதம் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

பயப்படுவதற்கு முன் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வழிகளில் வரும்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து. உடைந்த ஓடும் அடைபட்ட மழைநீர்க் குழாயும் என்றால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். வெளிப்புற மண் வீட்டுத் தரையைவிட உயரமாகச் சேர்ந்திருந்தால் மண்ணை வெட்டி வடிகால் போட வேண்டும். நிலத்தடி ஈரமே சுவரில் ஏறுகிறது என்றால் வேலை அதிகம்.

கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய சுவர்கள் மூச்சு விடுபவை. உள்ளே போன ஈரம் காரை வழியாகவே வெளியேறிவிடும். அழகுக்காகவோ பலத்துக்காகவோ அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, காரை உதிர்ந்து, சுவரில் பதிந்திருக்கும் மரச்சட்டங்கள் உளுத்துப்போகின்றன. பழைய வீட்டில் புத்தம்புதுச் சிமென்ட் பூச்சைப் பார்த்தால் மகிழ வேண்டாம். அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மரத்தில் ஈரப்பதம் தொடர்ந்து 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடித்து மக்கும். ஈரமானி என்ற சிறு கருவியால் இதை அங்கேயே அளந்துவிடலாம். சுவரோரம் பென்சில் பருமனில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். உத்தரத்தை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், கெட்டது உள்வாங்கும்.

வேறு என்ன மறைந்திருக்கலாம்?

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு உடையாமல் இருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. துளை போட்டாலோ அறுத்தாலோ உடைத்தாலோ எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதை எடுக்கப் பயிற்சி பெற்றவர்கள்தான் வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அதைச் சுரண்டும்போது குழந்தைகள் வீட்டில் இருக்கக் கூடாது. பாறைப் பாங்கான பகுதிகளில் மண்ணிலிருந்து ரேடான் என்ற வாயு வீட்டுக்குள் சேரும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு அது முக்கியக் காரணம். சிறிய கருவியை வீட்டில் சில நாட்கள் வைத்தாலே அளந்துவிடலாம். சரிசெய்வதும் முடியாத காரியம் இல்லை. மின்சாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பது. விற்பவரோ தரகரோ சொல்லும் ஆளை விட்டுவிட்டு, உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு கட்டட ஆய்வாளரை அமர்த்துங்கள்.

வெள்ளம் வராத இடம் என்று எப்படி உறுதி செய்வது?

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல் பலரைத் தவறாக ஆறுதல்படுத்துகிறது. நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்பது அதன் பொருள் அல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே பொருள். முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், அந்தக் காலத்துக்குள் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு, நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம். அரசு வெளியிடும் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள், காப்பீட்டு நிறுவனத்திடம் அந்த முகவரிக்கு என்ன கட்டணம் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். அவர்கள் மறுத்தாலோ மிக அதிகம் கேட்டாலோ அதுவே ஒரு பதில். ஊரில் வயதானவர்களிடம் "தண்ணீர் எது வரை வந்தது" என்று கேட்டால் கையால் சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

காட்டுத்தீ உள்ள பகுதி என்றால் வீட்டைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, விறகும் சருகும்கூட. அதற்கு வெளியே 30 மீட்டர் வரை புதரைக் குறைத்து வைக்க வேண்டும். அந்த 30 மீட்டரில் பாதி பக்கத்து நிலமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் யோசியுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். இணையம் கிடைக்குமா?

நிறுவனங்களின் வரைபடத்தில் அந்த ஊர் முழுக்க வண்ணம் தீட்டியிருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட முகவரிக்கு இணைப்பு தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள், பக்கத்து வீட்டில் எந்த வேகம் வருகிறது என்று கேளுங்கள். தொலைபேசிச் செப்புக்கம்பி வழி வரும் இணையம், நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட மெதுவாகும். செல்போன் சிக்னலை வாசலில் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். தடித்த கல்சுவர் சிக்னலை விழுங்கிவிடும்.

செயற்கைக்கோள் இணையத்தில் இரண்டு வகை. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவற்றில் சிக்னல் போய்த் திரும்பவே அரை விநாடிக்கு மேல் ஆகும். படம் பார்க்கலாம், கூட்டத்தில் பேசும்போது இருவரும் மாறி மாறி இடைமறித்துக்கொள்வீர்கள். 550 கிலோமீட்டர் அளவு உயரத்தில் சுற்றுபவற்றில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. ஆனால் வானம் மரங்களால் மறையாமல் திறந்திருக்க வேண்டும்.

மின்வெட்டையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. உயரத்தில் ஒரு தொட்டி இருந்தால் ஒரு நாள் சமாளிக்கலாம். ஜெனரேட்டர் வைத்தால் அதை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ ஜன்னல் ஓரமாகவோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் கொல்லும்.

வங்கிக் கடன் கிடைப்பதில் சிக்கல் இருக்குமா?

இருக்கலாம். நிலம் மிகப் பெரியது, வீடு மண்சுவர் அல்லது மரத்தால் ஆனது, கழிப்பறையோ நீரிணைப்போ இல்லை, பாதை உரிமை எழுத்தில் இல்லை என்றால் பல வங்கிகள் தயங்கும். சுற்றிலும் சமீபத்தில் விற்ற ஒத்த வீடுகள் குறைவு என்பதால் மதிப்பீட்டாளரின் தொகை நீங்கள் பேசிய விலைக்குக் கீழே வந்துவிடுவதும் உண்டு. அந்த வித்தியாசத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். நிலம் எந்த வகைப்பாட்டில் பதிவாகியிருக்கிறது, விவசாய நிலமா குடியிருப்பு நிலமா, கட்டியிருக்கும் பகுதிகளுக்கெல்லாம் அனுமதி இருக்கிறதா என்பதை வங்கி கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

என் உறுதியான கருத்து: கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு வீட்டு மதிப்பில் 1 விழுக்காடு என்று பொதுவாகச் சொல்வார்கள். சொந்தக் கிணறு, சொந்தத் தொட்டி, சொந்தப் பாதை உள்ள பழைய வீட்டுக்கு அது போதாது. முதல் ஆண்டில் மோட்டார், தொட்டி, கூரை மூன்றில் ஏதாவது ஒன்று செலவு வைக்கும் என்று வைத்துக்கொண்டு பணத்தை ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கு வயதாகிவிட்டது. மருத்துவமனை தூரம். அங்கே குடிபோவது சரியா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது, ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டிய ஒன்று உண்டு. திடீர் இதய நிறுத்தத்தில் மார்பழுத்த முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகும் இடத்தில், வீட்டில் இருப்பவர்தான் முதல் மருத்துவர். குடும்பத்தில் இரண்டு பேராவது அந்த முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் இரவிலும் தெரியும்படி வீட்டு எண்ணை எழுதி வையுங்கள். டயாலிசிஸ் போல வாரம் பலமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை என்றால், இப்போது வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அக்கம்பக்கம் எப்படி இருக்கும்? வெளியூர்க்காரர்களை ஏற்பார்களா?

நீங்கள் அவர்களுடைய வேலைத்தளத்துக்குக் குடிபோகிறீர்கள். எரு வாடை, விடியற்காலைச் சேவல், அறுவடைக் காலத்தில் நள்ளிரவு வரை எந்திரச் சத்தம், மருந்தடிக்கும் நாளில் காற்றில் வரும் நெடி, இவையெல்லாம் அங்கே வாழ்க்கை. அது ஒத்துவராது என்றால் வாங்காமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. ஒத்துவரும் என்றால், வாங்குவதற்கு முன்பே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கிணறு, வெள்ளம், பாதை பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. அப்புறம், பக்கத்தில் கல்குவாரி, நெடுஞ்சாலை, குப்பைக்கிடங்கு ஏதாவது வரப்போகிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்கலாமா?

முடிந்தால் கண்டிப்பாக. மழைக்காலம் ஒன்றும் கடுங்கோடை ஒன்றும் அங்கே கழித்துவிட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வண்டி ஓட்டத் தெரியாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தனியாகக் கவனியுங்கள். கிராமப்புற வீடு விற்க நேரம் எடுக்கும். வேண்டாம் என்று நினைத்த மாதமே விற்றுவிட்டு வர முடியாது.

விலை பேசி முடித்தாயிற்று. ஒப்பந்தத்தில் என்ன எழுதச் சொல்வது?

தண்ணீரின் அளவும் தரமும், செப்டிக் டேங்க் ஆய்வு, நில அளவை, கட்டட ஆய்வு, கடன் அனுமதி, காப்பீடு ஆகிய எல்லாம் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லாவிட்டால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்ற நிபந்தனை. ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு இருக்கட்டும். "இன்னொருவர் நாளைக்கே ரொக்கமாக வாங்கத் தயார்" என்று அவசரப்படுத்தினால் அவருக்கே போகட்டும் என்று விட்டுவிடுங்கள். சோதிக்க விடாத வீட்டை வாங்கக் கூடாது.

சாவி வாங்கும் நாளில் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஏதாவது உண்டா?

அரை நாள் அவரோடு நடங்கள். கிணற்று மோட்டாரின் சுவிட்ச் எங்கே, தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே, தொட்டியின் மூடி எங்கே புதைந்திருக்கிறது, குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, எந்தக் கதவு மழையில் உப்பும், எந்த மரக்கிளை எந்தக் காற்றுக்கு முறியும் என்று ஒவ்வொன்றையும் கேட்டு, நின்ற இடத்திலேயே படம் எடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று டேப்பால் அளந்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கிணறு தோண்டியவர், மோட்டார் பழுதுபார்ப்பவர், தொட்டி காலி செய்பவர் ஆகியோரின் தொலைபேசி எண்களையும் அதே தாளில் எழுதி, மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் குழாய் உடையும்போது நீங்கள் ஊரில் இல்லாமல் போகலாம், வீட்டில் இருப்பவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.